டேஷ்போர்டு ‘கனெக்ட் ஆகல’: தப்பு சர்வர்லயா, நெட்வொர்க்லயா, பேப்பர் போட்டுப் போனவரின் பாஸ்வேர்டுலயா?

திங்கட்கிழமை காலை 9.20. பத்து மணிக்கு ரிவ்யூ மீட்டிங். போன வார விற்பனை ஊர்வாரியாக, பொருள்வாரியாகத் தெரிய வேண்டிய டேஷ்போர்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி மட்டும். உள்ளே, டேட்டா சோர்ஸுடன் இணைக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் நாலு வரி. எம்.ஐ.எஸ். வேலையைப் பார்க்கும் பெண் அதைப் படம் எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். “அண்ணா, ரிப்போர்ட் ஓப்பன் ஆகல. சர்வர் டவுனா?”

ஐ.டி. அண்ணனின் பதில் உடனே வருகிறது. “சர்வர் நல்லாத்தான் ஓடுதும்மா. பிங் பண்ணிப் பாத்துட்டேன்.” டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர், “எனக்கு கனெக்ட் ஆகுதே. உங்க சைடு செக் பண்ணுங்க” என்கிறார். இன்னொருவர், “ரீஸ்டார்ட் பண்ணியா?” என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார். மணி 9.45.

தரமணியோ திருப்பூரோ, எந்த ஊர் ஆபீஸாக இருந்தாலும் இந்தக் காட்சி பெரிதாக மாறுவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், யாருமே பொய் சொல்லவில்லை. சர்வர் ஓடுகிறது. டேட்டாபேஸும் ஓடுகிறது. ரிப்போர்ட்டும் உண்மையிலேயே திறக்கவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது எப்படி? அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், பாதிப் பிரச்சினையை வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருக்காது.

நடுவுல என்னதான் நடக்குது?

பவர் பிஐ, டாப்லோ, மெட்டாபேஸ், கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், ஏன், நம்ம எக்செல் உள்பட, ரிப்போர்ட் கருவிகள் பெரும்பாலும் தகவலுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. இன்னொரு இடத்தில், அதாவது எஸ்.க்யூ.எல். சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸில் கிடப்பதைக் கேட்டு வாங்கிக் காட்டுகின்றன. கேட்டு வாங்க ஒருவர் போய் வர வேண்டும், இல்லையா? அந்தப் பயணத்தில்தான் எல்லாச் சிக்கலும்.

உணவு டெலிவரி கொண்டுவரும் தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரிடம் ஓடுகிற வண்டி இருக்க வேண்டும். மேப்பில் முகவரி கிடைக்க வேண்டும். போகும் வழி திறந்திருக்க வேண்டும். அப்பார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி, “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டு உள்ளே விட வேண்டும். உள்ளே போனபின், சரியான ஃப்ளாட்டின் கதவு திறக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் தடை வந்தாலும் உங்கள் போனில் தெரிவது ஒன்றுதான்: சாப்பாடு வரவில்லை.

டேட்டாபேஸ் கனெக்ஷனும் இதே வரிசைதான். வண்டி என்பது டிரைவர் என்கிற சின்ன மென்பொருள். முகவரி என்பது சர்வரின் பெயர். கேட் என்பது போர்ட் எண். செக்யூரிட்டி என்பது யூசர்நேம், பாஸ்வேர்டு. ஃப்ளாட் என்பது குறிப்பிட்ட டேட்டாபேஸ், அதற்குள் இருக்கும் டேபிள்.

ஐ.டி. அண்ணன் பிங் பண்ணிப் பார்த்தது, அந்தக் கட்டடம் இருக்கிறதா என்பதை மட்டும். கேட் திறந்திருக்கிறதா என்பது பிங்குக்குத் தெரியாது. டேட்டாபேஸ்காரர் பார்த்தது, கட்டடத்துக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு. வெளியிலிருந்து வருகிறவருக்கு என்ன நடக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மெசேஜை முழுசாப் படிங்க, ப்ளீஸ்

எரர் வந்தால் நம்மில் பெரும்பாலானோர் செய்வது, ஓகே பட்டனை அழுத்திவிட்டு மறுபடி ஒரு தடவை ரீஃப்ரெஷ் பண்ணிப் பார்ப்பது. ஆனால் அந்தப் பெட்டியில் ‘டீடெயில்ஸ்’ என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும். விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நாலு வரி பொதுவான புலம்பலுக்குப் பிறகு, பெரும்பாலும் கடைசியில், ஒரு எண் இருக்கும். நம் டெலிவரி தம்பி எந்த இடம் வரை போய்த் திரும்பினார் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

எஸ்.க்யூ.எல். சர்வரை எடுத்துக்கொள்வோம். ‘நெட்வொர்க் சம்பந்தப்பட்ட அல்லது இன்ஸ்டன்ஸ் சம்பந்தப்பட்ட பிழை’ என்று தொடங்கும் ஒரு நீளமான ஆங்கில வாக்கியம் அதில் ரொம்பப் பிரபலம். அந்த வாக்கியம் பல கோளாறுகளுக்கும் ஒன்றேதான். வித்தியாசம் கடைசி அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அங்கே 26 என்று இருந்தால், சர்வரில் நீங்கள் கேட்ட இன்ஸ்டன்ஸை, அதாவது ஒரே மெஷினில் தனிப் பெயரோடு ஓடும் எஸ்.க்யூ.எல். சர்வரை, கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். பெயரைத் தப்பாக அடித்திருக்கலாம். அல்லது ‘இந்தப் பெயருக்கு இந்தப் போர்ட்’ என்று வழி சொல்லும் எஸ்.க்யூ.எல். பிரவுசர் என்ற சேவை நின்றுபோயிருக்கலாம். அது யு.டி.பி. 1434 என்ற போர்ட்டில் பதில் சொல்லும். (இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.)

53 என்றால் அந்தப் பெயரில் நெட்வொர்க்கில் யாரையும் பிடிக்க முடியவில்லை. 18456 என்றால் கொஞ்சம் சந்தோஷப்படலாம். நெட்வொர்க், ஃபயர்வால், போர்ட் எல்லாம் சரி. கேட் வரை போயாச்சு. செக்யூரிட்டிதான் உள்ளே விடவில்லை. அதாவது லாகின் தோல்வி. 4060 என்றால் இன்னும் ஒரு படி மேலே: செக்யூரிட்டியும் விட்டுவிட்டார், ஆனால் நீங்கள் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. ஒன்று அந்தப் பெயரில் டேட்டாபேஸே இல்லை, அல்லது உங்களுக்கு அனுமதி இல்லை.

18456 வந்திருக்கும்போது நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போடுவதும், 53 வந்திருக்கும்போது பாஸ்வேர்டை ரீசெட் பண்ணச் சொல்வதும் வீண் வேலை. ஆபீஸ்களில் பாதி நேரம் நடப்பது இந்த வீண் வேலைதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 18456-ஐ எக்செலில் பார்க்கும் உங்களுக்கு, யூசர்நேம் தப்பா பாஸ்வேர்டு தப்பா என்று சொல்ல மாட்டார்கள். வேண்டுமென்றே மறைக்கிறார்கள். ‘யூசர்நேம் சரி, பாஸ்வேர்டு மட்டும்தான் தப்பு’ என்று சொன்னால், திருட வந்தவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும் அல்லவா? ஆனால் அதே நேரத்தில் சர்வரின் எரர் லாகில் ‘ஸ்டேட்’ என்று இன்னொரு எண் பதிவாகியிருக்கும். அங்கே 5 என்றால் அப்படி ஒரு யூசரே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்டு தப்பு. அதனால் டேட்டாபேஸ்காரரிடம் “கனெக்ட் ஆகல” என்று சொல்வதைவிட, “9.18-க்கு 18456 வந்தது, லாகில் ஸ்டேட் என்னன்னு பாத்துச் சொல்லுங்க சார்” என்று கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

ஆரக்கிளும் இப்படித்தான். ஓ.ஆர்.ஏ. 12154 என்றால் முகவரிப் புத்தகத்திலேயே பெயர் இல்லை. 12541 என்றால் முகவரிக்குப் போயாச்சு, கேட்டில் ஆள் இல்லை. 01017 என்றால் யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தப்பு. 28000 என்றால் அக்கவுன்ட் லாக் ஆகிவிட்டது.

இந்தக் கடைசி எண்தான் ‘சும்மா இன்னொரு தடவை ட்ரை பண்ணிப் பாப்போம்’ பழக்கத்தின் விளைவு. ஆரக்கிளின் இயல்பு அமைப்பில் தொடர்ந்து 10 முறை பாஸ்வேர்டு தப்பானால் அக்கவுன்ட் பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டின் ஆயுள் 180 நாள். ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மணிக்கொரு தரம் தானாக ரீஃப்ரெஷ் ஆகும் ரிப்போர்ட்டில் பழையதை அப்படியே விட்டுவிட்டால்? அந்த ரிப்போர்ட் பழைய பாஸ்வேர்டோடு மணிக்கொரு முறை போய்க் கதவைத் தட்டும். எந்தத் தப்பும் பண்ணாத மனிதர், “எனக்கு ஏன் லாக் ஆகுது?” என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

‘ரெஃப்யூஸ்டு’க்கும் ‘டைம் அவுட்’டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு நோய்கள்.

கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்றால் பொதுவாக அந்த முகவரிக்குப் போயாச்சு, ‘இந்த நம்பரில் யாரும் இல்லை’ என்று உடனே பதில் வந்துவிட்டது. விண்டோஸில் இதன் எண் 10061. டேட்டாபேஸ் சேவை நின்றிருக்கலாம், அல்லது வேறு போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். எஸ்.க்யூ.எல். சர்வருக்கு வழக்கமான போர்ட் 1433, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரஸுக்கு 5432, ஆரக்கிளுக்கு 1521. புதிதாக நிறுவிய டேட்டாபேஸ் என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. எஸ்.க்யூ.எல். சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸில் டி.சி.பி. இணைப்பு ஆரம்பத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். போஸ்ட்கிரஸும் முதலில் தன் சொந்த மெஷினிலிருந்து வரும் அழைப்பை மட்டும்தான் எடுக்கும். ‘எனக்கு கனெக்ட் ஆகுதே’ என்று டேட்டாபேஸ்காரர் சொன்னதன் ரகசியம் பல நேரம் இதுதான். அவர் சர்வரிலேயே உட்கார்ந்து பார்த்திருப்பார்.

டைம் அவுட் என்றால் பதிலே இல்லை. 10060. பெல் அடித்துக்கொண்டே இருக்கிறோம், உள்ளே சத்தமே இல்லை. பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் நம் அழைப்பைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கும். அல்லது வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் வி.பி.என். போட மறந்திருப்பார். சிரிக்க வேண்டாம், தினமும் எங்கேயோ நடப்பதுதான்.

எது என்று உறுதிப்படுத்த, விண்டோஸின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளை இருக்கிறது. சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் அந்தக் கேட் திறக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்லிவிடும். பிங்கால் சொல்ல முடியாதது இதுதான். முக்கியம்: ரிப்போர்ட் எந்த மெஷினிலிருந்து போகிறதோ, அதே மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டைம் அவுட்டில் இன்னொரு வகை உண்டு, அது கனெக்ஷன் பிரச்சினையே இல்லை. இணைப்பு கிடைத்துவிடும், ஆனால் மூன்று வருட பில்களை ஒரே மூச்சில் கேட்டிருப்போம், அதைக் கூட்டிக் கழித்துத் தருவதற்குள் பொறுமை முடிந்துவிடும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் வழியாகப் போனால் இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம் வழக்கமாக 15 விநாடி, கேள்விக்கான பதிலுக்கு 30 விநாடி. இரண்டும் தனித்தனிக் கடிகாரம். இரண்டாவதில் மாட்டினால் ஃபயர்வாலைக் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வியைத்தான் சுருக்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு டிரைவர் பெட்டி

வண்டி விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு பாஷை பேசும். நடுவில் மொழிபெயர்க்க ஒரு பொது ஏற்பாடாக மைக்ரோசாஃப்ட் 1992-ல் கொண்டுவந்ததுதான் ஓ.டி.பி.சி. இத்தனை வருடம் கழித்தும் எக்செல், டாப்லோ, பவர் பிஐ எல்லாம் அந்த வழியைப் பயன்படுத்துகின்றன.

இதில் ஆட்களைச் சுற்றவிடுவது 32 பிட், 64 பிட் விவகாரம். டிரைவரும் அதைக் கூப்பிடும் மென்பொருளும் ஒரே பிட்டாக இருக்க வேண்டும். ஆபீஸ் 32 பிட், நிறுவிய டிரைவர் 64 பிட் என்றால், டிரைவர் கண்ணெதிரே இருந்தும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று எரர் வரும். ஐ.எம்.002 அல்லது ஐ.எம்.014 என்று பார்த்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். எக்செல் ஃபைலை இழுக்கும்போது ‘ஏ.சி.இ. ஓ.எல்.இ.டி.பி. இந்தக் கணினியில் பதிவாகவில்லை’ என்று வருவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

சரிபார்க்கப் போனால் இன்னொரு கூத்து. 64 பிட் விண்டோஸில் ஓ.டி.பி.சி. அமைப்புப் பெட்டி இரண்டு உண்டு. இரண்டின் ஃபைல் பெயரும் ஒன்றே: ஓ.டி.பி.சி.ஏ.டி.32. இதில் 64 பிட் பெட்டி இருப்பது சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில். 32 பிட் பெட்டி இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். ஆமாம், தலைகீழ்தான். பழைய மென்பொருள்கள் உடைந்துவிடக் கூடாது என்று விட்டுவைத்த பெயர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒரு பெட்டியில் எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட்டு, எக்செல் இன்னொரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியாமல் ஒரு நாளைத் தொலைத்தால் அவரைத் திட்டாதீர்கள்.

நம் ஊர் வணிகத்தில் அதிகம் புழங்கும் டேலியிலும் ஓ.டி.பி.சி. வழி உண்டு, வழக்கமான போர்ட் 9000. ஆனால் டேலி ஒரு சர்வர் மாதிரி பின்னணியில் தூங்காமல் காத்திருப்பதில்லை. அந்த மெஷினில் டேலி திறந்திருக்க வேண்டும், கம்பெனி லோட் ஆகியிருக்க வேண்டும். அக்கவுன்டன்ட் சாயங்காலம் டேலியை மூடிவிட்டுப் பஸ் ஏறிவிட்டால், இரவு ஒன்பது மணி ரிப்போர்ட்டுக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

‘என் லேப்டாப்ல ஓடுதே!’

இளம் அனலிஸ்ட்களிடம் அதிகம் கேட்கும் வசனம் இது. பவர் பிஐ டெஸ்க்டாப்பில் ரிப்போர்ட் செய்து, ரீஃப்ரெஷ் பண்ணி, எல்லாம் பக்காவாக வந்து, ஆன்லைனில் பப்ளிஷும் பண்ணியாச்சு. மறுநாள் காலை ஃபெயில்.

காரணம் எளிது. லேப்டாப்பில் ஓடும்போது, ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் இருக்கும் உங்கள் மெஷின் நேராக டேட்டாபேஸிடம் போய்க் கேட்டது. பப்ளிஷ் பண்ணிய பிறகு கேட்பது மைக்ரோசாஃப்டின் கிளவுட். எங்கோ இருக்கும் கிளவுடுக்கு உங்கள் ஆபீஸ் மூலையில் இருக்கும் சர்வரின் வழி தெரியாது. அதற்கு நடுவில் ஒரு தூதர் வேண்டும். அந்த மென்பொருளின் பெயர் கேட்வே. ஆபீஸுக்குள் ஒரு மெஷினில் உட்கார்ந்து, கிளவுடோடு தானே தொடர்பு வைத்துக்கொண்டு, கேள்வியை வாங்கி டேட்டாபேஸிடம் கேட்டு, பதிலைத் திருப்பி அனுப்பும். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பு மட்டும் போதும். வெளியிலிருந்து உள்ளே எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை.

இந்தத் தூதரைத் தவறான இடத்தில் உட்கார வைப்பதில்தான் பல கதைகள் ஆரம்பிக்கின்றன. அவசரத்துக்கு யாரோ ஒருவர் தன் லேப்டாப்பிலேயே கேட்வேயை நிறுவியிருப்பார். அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனால், மொத்தக் கம்பெனியின் ரிப்போர்ட்டும் அவரோடு ஊருக்குப் போய்விடும். எப்போதும் ஓடும், தூங்கிப் போகாத ஒரு மெஷின் இதற்கு வேண்டும்.

அடுத்து, பெயர்ப் பொருத்தம். டெஸ்க்டாப்பில் சர்வரின் ஐ.பி. முகவரியைக் கொடுத்துவிட்டு, கேட்வேயில் அதே சர்வரின் பெயரைக் கொடுத்திருந்தால் வேலை செய்யாது. நமக்கு இரண்டும் ஒரே சர்வர். பவர் பிஐ-க்கு அவை இரண்டு வேறு ஆட்கள். ஐ.பி. முகவரியைக் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மின்வெட்டுக்குப் பிறகு ரூட்டர் புது எண் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், பழைய எண்ணில் இப்போது பிரின்டர் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாவது, யாருடைய பெயரில் போகிறது என்பது. ரிப்போர்ட்டை முதலில் அமைத்தவர் தன் சொந்த யூசர்நேம், பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பார். ஆறு மாதம் கழித்து அவர் பேப்பர் போட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போவார். கடைசி நாளில் கேக் வெட்டி, போட்டோ எடுத்து, சாயங்காலம் ஹெச்.ஆர். அவருடைய அக்கவுன்டை முடக்கும். அது சரியான வேலைதான். மறுநாள் காலை அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும். இதைவிட மோசம், ரீஃப்ரெஷ் தோற்றுப்போனால் பவர் பிஐ அனுப்பும் எச்சரிக்கை மின்னஞ்சல் அந்த டேட்டாவின் உரிமையாளருக்குத்தான் போகும். அவர்தான் இங்கே இல்லையே.

தீர்வு பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டுகளுக்கென்றே தனி அக்கவுன்ட், படிக்கும் உரிமை மட்டும், எழுதவோ அழிக்கவோ உரிமை கிடையாது. போனவரின் டேட்டாசெட்டை ‘டேக் ஓவர்’ என்ற பட்டன் மூலம் இன்னொருவர் எடுத்துக்கொண்டு, இணைப்பு விவரங்களைப் புதிதாகக் கொடுக்கலாம். எச்சரிக்கை ஒரே ஆளுக்குப் போகாமல் இன்னும் சிலரின் முகவரியையும் சேர்த்துவைக்கலாம். எக்ஸிட் ஃபார்மில் ஐ.டி. கார்டு, லேப்டாப், சிம் கார்டு கேட்கும் கம்பெனிகள், ‘உங்க பேர்ல எந்தெந்த ரிப்போர்ட் ஓடுது?’ என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல

எதையுமே மாற்றவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் ஏதோ ஒன்று மாறியிருக்கும். பாஸ்வேர்டு காலாவதி, சான்றிதழ் காலாவதி, சர்வர் அப்டேட், டிரைவர் அப்டேட் என்று பட்டியல் நீளும். டிரைவரில் நல்ல உதாரணம், 2022-ல் வந்த எஸ்.க்யூ.எல். சர்வருக்கான ஓ.டி.பி.சி. டிரைவர் 18. அதுவரை கேட்டால்தான் இணைப்பை என்கிரிப்ட் செய்யும். இந்தப் பதிப்பிலிருந்து கேட்காமலே செய்யும். நல்ல மாற்றம்தான். ஆனால் சர்வரில் முறையான சான்றிதழ் இல்லாத இடங்களில், டிரைவரை மட்டும் புதுப்பித்த அடுத்த நிமிடம் ‘சான்றிதழை நம்ப முடியவில்லை’ என்று இணைப்பு அறுந்தது. மைஎஸ்க்யூஎல் 8.0 வந்தபோதும் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை மாறியதால் பழைய டிரைவர்கள் திணறின.

மாதக் கடைசியில் மட்டும் வரும் கோளாறு வேறு ரகம். ஒரே நேரத்தில் எல்லோரும் ரிப்போர்ட்டைத் திறப்பார்கள். மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பது 151 இணைப்புகள், போஸ்ட்கிரஸ் 100. அதற்கு மேல் வந்தால் ‘கூட்டம் அதிகம்’ என்று திருப்பி அனுப்பிவிடும். வரம்பை உயர்த்துவதற்கு முன், வேலை முடிந்தும் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இணைப்புகள் எத்தனை என்று பார்ப்பது நல்லது.

பாஸ்வேர்டு மாற்றிய கையோடு உடைந்தால், அதில் உள்ள சிறப்புக் குறிகளைக் கவனியுங்கள். நம் ஆட்களுக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு ‘அட்’ குறி போட்டு 123 சேர்ப்பது ரொம்பப் பிடிக்கும். சில கருவிகளில் இணைப்பு விவரத்தை இணைய முகவரி போல ஒரே வரியில் கொடுக்க வேண்டும். அங்கே ‘அட்’ குறிக்கு வேறு அர்த்தம் உண்டு. பாஸ்வேர்டு பாதியில் வெட்டுப்பட்டு, மீதியைச் சர்வர் பெயர் என்று நினைத்துத் தேடப் போய்விடும். அந்தக் குறிக்குப் பதிலாக விழுக்காட்டுக் குறியும் 40-ம் கொடுக்க வேண்டும்.

அவசரத்துக்கு எல்லாக் கதவையும் திறக்கலாமா?

மீட்டிங்குக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் சொல்வார்: “இப்போதைக்கு ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடு. இல்லன்னா அட்மின் பாஸ்வேர்டையே போட்டுடு. அப்புறம் பாத்துக்கலாம்.” ஓடும், சந்தேகமில்லை. ஆனால் அந்த ‘அப்புறம்’ பல ஆபீஸ்களில் வருவதே இல்லை.

மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன யு.டி.பி. 1434 இங்கேதான் வருகிறது. 2003 ஜனவரி 25 அன்று, எஸ்.க்யூ.எல். ஸ்லாமர் என்ற வார்ம் இணையத்தில் பரவியது. மொத்தமே 376 பைட் அளவு. இந்தப் பத்தியைவிடச் சின்னது. எஸ்.க்யூ.எல். சர்வர் 2000-ல் இருந்த ஓட்டை வழியாக, வெளி உலகத்துக்குத் திறந்திருந்த அதே 1434 போர்ட்டில் நுழைந்தது. தாக்கப்படக்கூடிய நிலையில் இருந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றை அது பிடிக்க எடுத்துக்கொண்ட நேரம் சுமார் பத்து நிமிடம். ஏறத்தாழ 75,000 மெஷின்கள். அமெரிக்காவில் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏராளமான ஏ.டி.எம்.கள் முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது.

வழி சொல்வதற்காக இருந்த ஒரு சின்ன சேவை, இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்ததால் வந்த வினை அது. ஆகவே ஃபயர்வாலில் திறப்பதாக இருந்தால் குறிப்பிட்ட ஒரு முகவரிக்கு, குறிப்பிட்ட ஒரு போர்ட் மட்டும். சான்றிதழ் எரருக்கு ‘எதையும் நம்பு’ என்று டிக் அடிப்பதும் இதே அவசரத்தின் இன்னொரு முகம். இணைப்பு வந்துவிடும், மறுமுனையில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்ற உறுதி போய்விடும்.

எரர் வராத கோளாறு

உண்மையில் சாம்பல் நிறப் பெட்டி நல்ல பிள்ளை. ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லிவிடுகிறது. ரீஃப்ரெஷ் தோற்றாலும், கடைசியாக எடுத்த எண்களை அழகாகக் காட்டிக்கொண்டே இருக்கும் டேஷ்போர்டுதான் பயப்பட வேண்டிய ஒன்று. நேரம் குறித்து ரீஃப்ரெஷ் ஆகும்படி வைத்த பவர் பிஐ டேட்டாசெட் தொடர்ந்து நான்கு முறை தோற்றால், அந்த அட்டவணை தானாகவே நிறுத்தப்பட்டுவிடும். எச்சரிக்கை மின்னஞ்சலைப் பார்க்க ஆள் இல்லை என்றால், போன செவ்வாய்க்கிழமை ஸ்டாக்கை வைத்து இந்த செவ்வாய்க்கிழமை ஆர்டர் போடுவார்கள்.

தகவல் வரும் வழி சத்தமில்லாமல் அடைபட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, கொரோனா காலத்து இங்கிலாந்து ஒரு சாட்சி. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அமைப்பு, ஆய்வகங்களிலிருந்து வந்த பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வகை ஃபைலில் ஏற்றியது. அந்த வகையில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் இடம். அதற்கு மேல் வந்தவை விடுபட்டுப்போயின. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தாமதமானது. அது கனெக்ஷன் எரர் இல்லைதான். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நாட்களில் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

இதற்கு ஒரு சின்னக் கைவைத்தியம் உண்டு. டேஷ்போர்டின் மேல் மூலையில், டேட்டாபேஸில் கடைசியாகப் பதிவான பில்லின் தேதியையும் நேரத்தையும் பெரிதாகக் காட்டுங்கள். ரீஃப்ரெஷ் பட்டன் அழுத்திய நேரம் வேண்டாம், அது ஏமாற்றும். கடைசி பில்லின் நேரம். மீட்டிங்கில் யாராவது ஒருவர் கண்ணில் அது கட்டாயம் படும்.

அந்தத் திங்கட்கிழமைக்கே திரும்புவோம். மணி 9.48. குரூப்பில் போட்ட படத்தை அந்தப் பெண் மறுபடி பெரிதாக்கிப் பார்க்கிறார். டீடெயில்ஸைத் திறக்கிறார். கடைசி வரியில் 18456. அதற்குப் பக்கத்தில் ஒரு யூசர்நேம். போன வெள்ளிக்கிழமை சென்ட் ஆஃப் கொடுத்து அனுப்பிய சீனியரின் பெயர். அவர் குரூப்பில் புதிதாக ஒரு மெசேஜ் தட்டுகிறார்: “அண்ணா, நெட்வொர்க் ஓகே. லாகின்தான் ஃபெயில். ரிப்போர்ட் இன்னும் சார் ஐ.டி.லதான் ஓடிட்டிருக்கு. ரீட் ஒன்லி ஐ.டி. ஒண்ணு கிரியேட் பண்ணித் தர முடியுமா? கேட்வேல நானே மாத்திக்கிறேன்.”

9.51-க்கு ஒரு தம்ஸ் அப் வருகிறது.